புள்ளி

போன வருசத்துக் கைநூல். மிதுர்ஷிகாவின் அக்கா தந்தது.
அட்டை இல்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
தேநீர்க் கறை, அதற்குக் கீழே
நுவரெலியா என்ற நிரல்.
வெட்டுப்புள்ளியைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறாள்.
வட்டத்தை அழித்திருக்கிறாள்.
அழித்த இடத்திலேயே மறுபடியும் வட்டம்.
தசமத்துக்குப் பின்னால் இரண்டாம் இடத்தில் தவறிப்போனது அவளுக்கு.
இப்போது ஹட்டனில் மருந்துக்கடையில் நிற்கிறாள்.
டொக்டரின் கையெழுத்தை அவளைப்போல் வாசிக்க
அந்த வீதியில் ஆளில்லையாம்.

பரீட்சைக்கு நான்கு மாதம்.
பௌதிகவியல் சேர் மார்ச்சில் மாற்றலாகிப் போனார்.
பாதியில் விட்டுப்போன சமன்பாட்டை
ஒரு வாரம் யாரும் அழிக்கவில்லை.
சமன் குறிக்கு அந்தப்பக்கம் என்னவென்று
எங்களுக்குத் தெரியாது.

பெறுபேறு வந்த பிறகுதான் விண்ணப்பம் என்கிறது கைநூல்.
அது கொழும்பு வீதிகளுக்கு.
இங்கே இப்போதே தொடங்கினால்தான் அப்போதாவது முடியும்.

பிறப்புச் சான்றிதழில் நான் வேறொருத்தி.
தர்ஷாயினி என்றுதான் அப்பா சொன்னாராம்.
சிங்களத்தில் எழுதி, தமிழுக்குப் பெயர்த்து,
பெயர்த்ததில் ர் தலையிலிருந்த புள்ளி விழுந்து
தரஷாயினி.
பதினெட்டு வருசமாய் ஏதோவோர் இரும்பு அலுமாரியில்
என் வயதோடு வளர்கிறாள்.
அடையாள அட்டைக்காரி நான்.
நாங்கள் இருவரும் ஒருத்தியே என்று
சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி வேண்டும்.

எங்கள் மலையில் நாள் கூலிக்குப் பேர் என்றுதான் பெயர்.
பதினெட்டுக் கிலோ கொழுந்தென்றால் அம்மாவுக்கு ஒரு பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
சத்தியக்கடதாசிக்கு ஒன்றரைப் பேர்.
விழுந்த ஒரு புள்ளியை எடுத்து வைக்க
ஒன்றரைப் பேர்.

கிராம சேவகர் படிவத்தைத் திருப்பிப் பார்த்தார்.
நிரந்தர முகவரி?
ஐந்தாம் லயம், ஒன்பதாம் காம்பரா.
வீட்டு இலக்கம்?
ஒன்பது.
அது அறை இலக்கமல்லவா, தங்கச்சி.
கோபமாய்ச் சொல்லவில்லை.
பேனா மூடியைத் திறந்து கையில் வைத்தபடியே
நெடுநேரம் கூரையில் மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார்.
வியாழக்கிழமை வரச் சொன்னார்.

எங்கள் வகுப்பில் ஒருவன் இருக்கிறான்.
இருக்கிறான் என்றால், இடாப்பில்.
டவுனில் வாடகை வீட்டுக்கு ரசீது,
மின்கட்டணம், தண்ணீர்க்கட்டணம், எல்லாம் அவன் பேரில்.
ஆள் வெள்ளவத்தையில் டியூஷனில்.
அவன் இந்த மாவட்டத்து மாணவன்.
நான் நிரூபிக்க வேண்டும்.

இரவு கடைசிப் பக்கத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்தினேன்.
முதலில் பேராதனை. இரண்டாவது யாழ்ப்பாணம்.
மூன்றாவதை எழுதும்போது கரண்ட் போனது.
மெழுகுதிரி தேடுகையில் ஓர் எண்ணம் வந்தது:
நானே வைத்துவிடலாம் ஒரு பேனாப் புள்ளி.
யார் பார்ப்பார்கள்?
நீல மையா கறுப்பு மையா என்பதுவரை யோசித்துவிட்டு
பத்திரத்தை மடித்து அரிசி டின்னுக்குள் வைத்தேன்.

அம்மா வாசலில் அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.
விசயத்தைச் சொன்னேன்.
"சாயினின்னுதானே கூப்புடுறோம்.
அதுல புள்ளியே இல்லையே."
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவளுக்கும்.
பிறகு,
"இன்னைக்குப் பதினேழுதான். மூட்டைக்குன்னு ஒரு கிலோ கழிச்சிட்டாக."
அரைப்பேர்.
"நாளைக்கும் மழதான் புள்ள. படி."

திரி உயரம் இரண்டு விரல்.
முந்தைய ஆண்டு வினாத்தாள், கேள்வி மூன்று.
சாய்தளமொன்றில் ஒரு திணிவு
வழுக்காமல் நிற்கிறது.
அது எப்படி நிற்கிறது என விளக்குக.
இரண்டு புள்ளிகள்.