துளைகள் ஏற்கெனவே இருந்தன

மனிதர்கள் பிடித்து நடக்க
நகராட்சி தெருவில் கயிறு கட்டுகிற ஊர் இது,
புந்தா அரேனாஸ்.
இங்கே தொட்டி வாங்குகிறவள்
முதலில் காற்றிடம் விலை கேட்டிருக்க வேண்டும்.
நான் கேட்கவில்லை.

தரையில் நட முடியாது.
"வீடு உனக்கு, மண் எனக்கு,
ஒரு கரண்டிகூடத் தோண்டக் கூடாது"
வாடகைச் சீட்டில் தோன் யெர்கோ
தன் கையால் எழுதிச் சேர்த்த வரி.

நவம்பரில், சம்பளம் வந்த அன்று
பச்சை பிளாஸ்டிக் தொட்டிகள் ஆறு வாங்கினேன்,
ஒன்றின் விலைக்கு இரண்டு.
மறுநாள் காலை நான்கு
எதிர்வீட்டுத் தகரக் கூரையில் கிடந்தன.
ஐந்தாவது நீரிணைப் பக்கம் போனதாக
பேருந்துக்கு நின்றவர் சொன்னார்,
முகவரி கேட்டவனுக்கு வழி காட்டுவதுபோல்
கையை நீட்டி.
ஆறாவதற்குள் கல் வைத்தேன். நின்றது.
கோடை முடிவதற்குள் அதன் விளிம்பு
நமத்த பிஸ்கட்டாய் உதிர்ந்தது.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளலாம்தான்.
இங்கே காற்று எப்போதும் உண்டு,
தூற்றத்தான் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

அடுத்து மண் தொட்டி.
நண்டுத் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசை ஹெர்மினியா
வடக்கே போனபோது
மடியில் வைத்து இரண்டு நாள் கொண்டுவந்தாள்.
கனமானது, அழகானது.
ஜூன் மாதத்து ஓர் இரவில்
உள்ளிருந்த ஈரம் கல்லாகிப் புரண்டு படுத்தது.
காலையில் தொட்டி இரண்டு பாதி,
நடுவே தொட்டியின் வடிவத்திலேயே
நின்றுகொண்டிருந்தது மண்.
ஹெர்மினியாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மீன்பெட்டி, அடி இற்றது.
பாதியாய் அறுத்த எண்ணெய்ப் பீப்பாய்,
கேட்ட விலைக்கு ஒரு வாரம் விறகு வாங்கலாம்.

அப்புறம் துணி துவைக்கும் இயந்திரம் செத்தது.
ஓசியேல் பாரியா வந்து, காது வைத்துக் கேட்டு,
"அடக்கம் செய்துவிடலாம்" என்றார்.
மோட்டாரைத் தனக்கு எடுத்துக்கொண்டு
உள் உருளையைக் கழற்றி நடையில் வைத்தார்.
துருப்பிடிக்காத எஃகு.
சுற்றிலும் நூற்றுக்கணக்கில் துளை.
அச்சு நுழைந்த இடத்தில்
என் கட்டைவிரல் போகிற ஓட்டை.
பதினோரு வருடம் சோப்பும் வெந்நீரும்
தின்று தீர்க்காத ஒன்றை
இந்த ஊர் மழை என்ன செய்துவிடும்?

"பழைய இரும்புக் கடையில் நாலாயிரம் பேசோ தருவான்"
என் இயந்திரத்தின் வயிற்றை
என்னிடமே விலை பேசினார்.
இடுக்கில் சிக்கியிருந்த
இரண்டு நூறு பேசோ நாணயங்களைக் காட்டி
மூவாயிரத்து எண்ணூறு கொடுத்தேன்.

கிழிந்த கம்பளி ஸ்வெட்டரை உள்ளே விரித்து
துளைகளுக்குத் திரை போட்டேன்.
மூட்டை மண், குதிரைச் சாணம்,
ஒரு ருபார்ப் கிழங்கு.
பாத்திரம் அறிந்து இடச் சொன்னது
பிச்சைக்கு மட்டுமா?
காற்று வந்தது,
ஒருமுறை சுற்றிப் பார்த்தது,
தூக்க முடியாமல்
விளிம்போரத் துளைகளில் வாய் வைத்து ஊதிவிட்டுப் போனது.

தோன் யெர்கோ வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து
"அது என் மண்ணா?" என்பார்.
ரசீதைக் காட்டுவேன்.
இரண்டு கோடையும் இதே பேச்சு.
போகும்போது சிவந்த தண்டு நாலு கேட்டு வாங்குவார்.

மூன்றாம் கோடையில் வாடகையை ஏற்றினார்.
சரி, கிளம்புகிறேன் என்றேன்.
கட்டில் ஏறிற்று வண்டியில், அடுப்பு ஏறிற்று.
உருளையை நானும் ஓசியேலும்
ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.
அசையவில்லை.
மறுபடி தூக்கினோம்.
ஓசியேல் குனிந்து, அடியில் கை விட்டு,
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கரண்டி எதுவும் படவில்லை, தோன் யெர்கோ.
துளைகள் ஏற்கெனவே இருந்தன.
விரல் தடிமனில் ஒரு வேர்
எந்தச் சீட்டையும் படிக்காமல்
உங்கள் மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது,
எவ்வளவு ஆழம் என்று
எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.
ஓசியேல் ரம்பம் எடுத்து வரட்டுமா என்கிறார்.