கக்கத்தில் துண்டு

நந்தனம், காலை ஐந்தே முக்கால்.
ஈரப் புல், அடையாற்றின் வாடை.
ஒரு மைனாவுக்கு மட்டும் என்மேல் ஆர்வம்.

கொடிக்கு இருபது தப்படிதான்.
இவ்வளவு கிட்டத்தில்தான் எனக்குக் கை பதறும்.
முதல் அடியில் மண் பெயர்ந்தது, பந்து பெயரவில்லை.
அடுத்தது உச்சந்தலையில் வாங்கிக்கொண்டு
மணல்குழிக்கு அந்தப் பக்கம் ஓடிப்போனது.

"தூக்கிவிடப் பாக்கறீங்க மேடம்,"
பையைச் சாய்த்து வைத்தபடி தணிகாசலம்.
"தூக்கறது இரும்போட வேலை.
அதுக்குத்தான் அது மூஞ்சிய சாய்ச்சு வெச்சிருக்கான்."

துண்டை மார்புக்குக் குறுக்கே நீட்டி
இரு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டேன்,
காய்ச்சல்காரி தெர்மாமீட்டரை இடுக்குவதுபோல.
தோளும் கையும் ஒரே முக்கோணம்.
மணிக்கட்டு மடியக்கூடாது.

மடிந்தது.
துண்டு விழுந்தது. எடுத்தேன்.
பதினோரு தடவை.

இந்த மணிக்கட்டை எனக்குத் தெரியும்.
தோசை புரட்டுகிற மணிக்கட்டு, அது போகட்டும்.
செழியன் ஓர் எழுத்தில் திக்கி நிற்கும்போது
பஸ்ஸா, பணமா, பந்தா என்று
அடியில் கைகொடுத்து நெம்புவதும் இதுதான்.
ஒன்றுகூட அவன் சொல்ல வந்த சொல்லில்லை.

பன்னிரண்டாவது.
மார்பு திரும்பியது, கைகள் கூடவே போயின.
டொக்.
முழங்கால் உயரம் எழும்பி, இறங்கி,
தன் பாட்டுக்கு உருண்டு
கொடிக்கு ஆறடி முன்னால் நின்றது.
பார்க்க மைனா இல்லை.

எட்டு மணி, சமையலறை வாசலில் அவன்:
"ப... ப..."
துண்டில்லாத கக்கத்தை இறுக்கிக்கொண்டு
சாம்பார் கரண்டியோடு நின்றேன்.
குக்கர் ஒரு விசில் அடித்தது. இன்னொன்று.

"பல்லிம்மா."

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், வால் மட்டும்.