ஓட்டை

ஓட்டைப் பிரித்ததும்
வெயில் தொப்பென்று வளவுக்குள் விழுந்தது.

செவத்தியான் திருப்புளியால் தட்டிக்கொண்டே போனான்.
டங். டங். டங்.
ஐந்தாவது கைமரத்தில் சத்தம் இல்லை.
பிடிவரை இறங்கியது,
டீயில் ஊறிய ரஸ்க்கில் போல.
கீழிருந்து பார்த்தால்
நீலச் சாயம் அப்படியே இருக்கிறது.

எந்தப் பங்கில் வருகிறது அந்த மரம்?
போனில் ஒன்பது பங்காளிகள்.
கோலாலம்பூரிலிருந்து சேவுகன்
கோடு போட்டே அனுப்பிவிட்டான்.

செவத்தியான் கடைசி ஓட்டைத் தூக்கினான்.
மூலை உடைந்து, அதன் வழியே
ஒரு கறுப்பு ஒயர்.
உலகக் கோப்பைக்கு டிஷ் மாட்டிய வருடம்
சுத்தியல் என் கையில்தான் இருந்தது.

"எலியா இருக்கும்" என்றான்
என்னைப் பார்க்காமல்.

இரண்டு முழம் அறுத்து
வேங்கையில் ஒட்டுப்போட்டான்.
செலவு ஒன்பதாகப் பிரிந்தது.
கூலியோடு ஐநூறு கூட வைத்தேன்.

எண்ணினான்.
அதை மட்டும் திருப்பிக் கொடுத்தான்.