பாக்கிச் சம்பளம்

பலகை தூக்கி வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள்.
சீசன் முடிந்தது என்று
உல்லையில் நாய்களுக்கும் தெரியும்,
கடற்கரையில் நடுவில் படுக்கின்றன.

கோப்பி மெஷினைத் தவணைக்காரன் கொண்டுபோனான்.
கதிரைகள் லொறியில் ஏறின.
எனக்கு நாற்பத்தைந்து நாள் பாக்கி,
நாளுக்கு ஆயிரத்தைந்நூறு.
"சவாஹிறா, இப்போதைக்கு இதை வெச்சுக்கொள்ளுங்க"
என்று முதலாளி நீட்டிய பெட்டிக்குள்
கோப்பி வடிக்கும் தாள்.
நூறு நூறாக நாலு கட்டு.

எங்கள் வீட்டில் வெறுந்தேத்தண்ணிதான்.

முதல் தாளால் அலுமாரிக் கண்ணாடியைத் துடைத்தேன்.
ஒரு தும்பு ஒட்டவில்லை.
என் முகம் இவ்வளவு தெளிவாகத்
தெரியத் தேவையில்லை என்றிருந்தது.

மறுகா, சூரை பொரித்த எண்ணெய்.
போத்தல் வாயில் தாளை வைத்து ஊற்றிவிட்டு
லுஹர் தொழுது வந்து பார்த்தால்
பாதிகூட இறங்கவில்லை.
இறங்கியது மட்டும்
புதுப் போத்தல் மாதிரி மஞ்சள்.

பெருநாளைக்கு மட்டும் எடுக்கும் பீங்கான்
இருபத்துநாலுக்கும் இடையில் இருபத்துமூன்று தாள்.
ரோசாச் சாடியின் ஓட்டைக்கு ஒன்று:
தண்ணி போகும், மண் போகாது.
பக்கத்து வீட்டு ஜெசீமாவின் மகன்
ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
பள்ளிக்குப் போகிறேன் என்று
கோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

உவைஸ் முதலில் சிரித்தார்.
பிறகு தோணிக்கு ஊற்றும் மண்ணெண்ணெயை
ஒரு தாளில் வடித்துப் பார்த்தார்.
அடியில் துரு, மணல், ஏதோ ஒரு பூச்சியின் கால்.
அன்றிரவு ஒரு கட்டு முழுவதும்
கேட்காமலே அவருடையதாகிவிட்டது.
அந்த மாதம் நடுக்கடலில் என்ஜின்
இரண்டு தரம்தான் இருமியது.

ஹிமாயாவுக்கு விஞ்ஞானப் பாடம்.
நடுவில் கறுப்புப் பேனையால் ஒரு புள்ளி,
அதன்மேல் விரல் நுனித் தண்ணி.
புள்ளி அவிழ்ந்து
ஊதா வந்தது, நீலம் வந்தது,
ஓரத்தில் வெட்கப்பட்டு ஒரு மஞ்சள்.
"கறுப்புக்குள்ள எத்தனை பேர் ஒளிச்சிருக்காங்க
பாருங்க உம்மா."
நான் பாக்கிக் கணக்கை எழுதி வைத்திருந்ததும்
அதே பேனையால், அதே தாளில்.
மாரியில் கூரை ஒழுகி அது நனைந்தபோது
பூப்போல விரிந்து கிடந்தது
முதலாளியின் பெயர்.

இனி நனையாமல் மனதில் வைத்துக்கொண்டேன்.
அதிலிருந்து தாளின் விலையைக் கழிக்கலாம் என்று
பொத்துவில் கடைகளில் விசாரித்தேன்.
இப்படி ஒன்று விற்குமென்றே
அங்கே யாருக்கும் தெரியாது.

ஏப்ரலில் அழைப்பு வந்தது.
புது மெஷின் வந்திருக்கிறதாம்,
வெள்ளிக்கிழமை திறக்கிறாராம்,
தாள்தான் கொழும்பிலிருந்து வரச் சுணங்குதாம்.
"அந்தப் பெட்டியில மிச்சம் ஏதும் கிடக்கா, சவாஹிறா?"

எண்ணிவிட்டுச் சொன்னேன்.
நூற்றிப் பன்னிரண்டு கிடக்கு.
ஒன்று நூற்றி அறுபத்தெட்டு ரூபா எழுபத்தைந்து சதம்.
கணக்கு ஹிமாயா செய்தது, பிழை வராது.
மொத்தம் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

போனில் சத்தமே இல்லை.
நான் வைக்கவில்லை.
எண்ணெய் இறங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று
எனக்குத் தெரியும்.