ஹீலியம் தீர்ந்த வாரம்

லூலியோவில் தை மாதம் மதியம் இரண்டரைக்கே இருட்டு.
உறைந்த துறைமுகத்தின் மேல்
உதைவண்டியில் யாரோ போகிறார்கள்,
நெற்றி விளக்கு மட்டும் நகர்கிறது.

கூடத்துக்குள் பன்னிரண்டு மில்லி எஃகுத் தகடு.
ஐமோ சிலிண்டரைத் தட்டிப் பார்த்தான்.
காலிக் குடத்தின் சத்தம்.
"ஹீலியம் வியாழன்தான் வரும், ஹில்லெவி.
ஆர்கானை ஊதுவோம். வாயுதானே?"

வாயுதான்.

கதிர் இறங்கியது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது.
எஃகு உருகி, கொதித்து, ஆவியாகி
ஆவியும் தன் எலக்ட்ரான்களைப் பிடித்துவைக்க முடியாமல் விட்டபோது
நீலமாய் ஒன்று எழுந்தது.
ஹீலியத்தில் அது துளையின் வாயோடு அடங்கிக் கிடக்கும்.
ஆர்கானுக்கும் பற்றிக்கொண்டு
குழல்முனை வரை ஏறி நக்கியது.
தடுப்புக் கண்ணாடியில் எங்கள் முகங்கள் நீலம்.
ஐமோ விசிலடித்தான்.
நானும் அடித்திருப்பேன், எனக்கு வராது.

வேகக் கேமராவில் பிறகு பார்த்தோம்,
ஒரு நொடியைப் பத்தாயிரம் துண்டாக்கி.
ஒரே சுடர் என்று நினைத்தது ஒன்றல்ல.
முளைக்கிறது,
தன்னைப் பெற்ற ஒளியைத் தானே குடித்துக் கொழுக்கிறது,
கதிரின் பாதையிலேயே மேலேறி
வேரறுந்து மிதந்து சாகிறது.
அந்த இடைவெளியில் கதிர் எஃகைத் தொட்டுவிடுகிறது,
தொட்ட இடத்திலிருந்தே அடுத்தது.

எட்டு கிலோவாட்.
மின்சாரக் கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்று
சுடருக்குத் தெரியுமா.

தகட்டை அறுத்து, தேய்த்து,
சாராயத்தில் கலந்த நைட்ரிக் அமிலம் தடவினேன்.
வெட்டுமுகம் மெல்லக் கறுத்து உண்மையைச் சொன்னது:
ஆணியாய் இறங்க வேண்டியது
தட்டையான சாம்பார்க் கரண்டியாய்க் கிடந்தது
என்று எழுதினால் இங்கே யாருக்கும் புரியாது.
இரண்டரை மில்லி என்று எழுதினேன்.

ஐமோ படத்தை விடவில்லை.
கைபேசியின் முகப்பில் வைத்துக்கொண்டான்.
மதிய உணவு மேசையில் கணக்குப் பிரிவு ஆட்கள்கூட
கலைமான் இறைச்சியை ஆறவிட்டுப் பார்த்தார்கள்.
வெட்டுமுகத்தை யாரும் கேட்கவில்லை.

வியாழன் சிலிண்டர் வந்தது.
அதே தகடு, அதே வேகம், பக்கவாட்டில் ஹீலியம்.
நீலம் நகக்கண் அளவுக்குச் சுருங்கி
இருக்கிறதா இல்லையா என்று நின்றது.
ஐமோ காபி எடுக்கப் போய்விட்டான்.

ஒன்பது மில்லி.

கையுறையைக் கழற்றித்
தகட்டின் அடிப்பக்கத்தில்
ஒரு விரல் வைத்தேன்.
உடனே எடுத்தேன்.