பதினொரு புதன்கிழமை

படிவத்தில் பதினான்காவது கேள்வி:
முன்னர் எப்போதாவது
மனநலச் சிகிச்சையோ ஆலோசனையோ பெற்றதுண்டா?
ஆம் / இல்லை.
பொருத்தமற்றதை வெட்டிவிடவும்.

மேலே சிங்களம், கீழே தமிழ்.
தமிழில் மனநலம் மணநலம் ஆகியிருந்தது.
மணநலத்துக்கு இல்லை என்று போட்டால்
அது பொய்யாகாதே என நினைத்து
எனக்குள் சிரித்தேன்.

கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவு மண்டபம்.
நாற்பது பிளாஸ்டிக் கதிரை, நாற்பது பிள்ளைகள்.
பதின்மூன்று வரைக்கும் பேனா நிற்கவில்லை.
அண்ணனைப் பற்றிக் கேட்டிருந்தார்கள்:
எந்த ஆண்டு இயக்கத்துக்குப் போனான், இப்போது எங்கே.
முதலாவதை எழுதினேன்.
இரண்டாவது எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும் என்று
அம்மா ஒவ்வொரு ஆணைக்குழுவிலும் சொல்லிவிட்டு வந்தவள்.
எங்கள் வீட்டுக்குப் படிவம் புதிதல்ல.

பதினான்குதான் அவர்களுக்குத் தெரியாதது.

றெஜினா மிஸ் புதன்தோறும் ஸ்கூட்டியில் வருவா.
விசுவமடுவில், உப அலுவலகத்தின் பின்னறை.
கால் முறிந்த கதிரைகள், எப்போதோ நடந்த தேர்தலின்
தகர வாக்குப்பெட்டி ஒன்று.
முதல் புதன் நான் வாய் திறக்கவில்லை.
அவவும் திறக்கவில்லை.
தோடம்பழம் ஒன்றை உரித்துப் பாதி தந்தா.
நாலாம் புதன் சொன்னேன்:
கூரைத் தகரத்தில் மழை தொடங்கினால்
கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிடுவேன்.
"கீழ போனாப் பயம் போகுதோ?"
"இல்லை மிஸ். தம்பி அங்கதான் இருக்கிறான்."
தம்பிக்கு ஐந்து வயது.
அப்போதும் ஐந்து, அதற்குப் பிறகும் ஐந்து.

ஏழாவதோ எட்டாவதோ, சரியாக நினைவில்லை,
அந்தப் புதன் இரவு மழை பெய்ததாம்.
காலையில் முற்றம் ஈரமாக இருந்ததைப் பார்த்துத்தான்
எனக்குத் தெரியும்.
பதினொன்றோடு திட்டத்தின் காசு முடிந்தது.

புதன் அவவுடையது என்றால் வியாழன் நுண்கடன்காரனுடையது.
மூன்று கம்பனி, ஒரு கோழிக்கூடு,
கோழிகள் செத்த பிறகும் கூட்டுக்குத் தவணை.
மாதச் சம்பளம் என்ற ஒரு சொல்லுக்காகத்தான்
இந்தச் சீருடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.
ஊரில் முகம் திருப்புவார்கள். திருப்பட்டும்.
அவர்களின் படலையடியிலும் வியாழன் காலை
அதே மோட்டார்சைக்கிள்தான் நிற்கிறது.

மேசையில் இருந்த கோப்ரல்
பேனா நிற்பதைக் கண்டுவிட்டார்.
"தங்கச்சி, இல்லை போடுங்க.
எல்லாரும் இல்லைதான் போடுற."
அன்பாகத்தான் சொன்னார்.
அவர் விரல் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் நின்றது.

வெளியே யாரோ
லொறியின் பின்கதவை விழுத்தினார்கள்.

நாலைந்து பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.
முழுதாகக் கீழே போனது இரண்டு பேர்.

மேசைக் காலுக்கு அந்தப் பக்கம் அவர்,
இந்தப் பக்கம் நான்.
அவர் உள்ளங்கை தலைக்கு மேலே விரிந்திருந்தது.

எழும்பி, இருவரும்
விழுந்த பேனாவைத் தேடியதுபோல் நடித்தோம்.
பேனா என் கையிலேயே இருந்தது.
அவர் எந்த மண்டபத்தில், எந்த வயதில்
இல்லை என்று போட்டிருப்பார்?
கேட்கவில்லை.
விரலை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்.

இல்லையை வெட்டினேன்.
கையோடு கையாக ணகரத்தையும் திருத்தினேன்.
விபரம் என்று விட்டிருந்த அரை வரியில்
பதினொரு புதன்கிழமை, இப்போது நித்திரை வரும்
என்று எழுதினேன்.

அவருக்குத் தமிழ் வாசிக்க வராதாம்.
"என்ன எழுதின?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்தார்.
பிறகு, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில்:
"அந்த மிஸ் இப்ப எங்க?"

"திட்டம் முடிஞ்சுது சேர்."

முத்திரையை மையில் தொட்டு,
கட்டைவிரலால் அழுத்தி,
சத்தமே வராமல் குத்தினார்.

எடுப்பார்களா, தெரியாது.
கடிதம் வருமாம்.
பரந்தனில் பஸ் மாறும்போதுதான் நினைத்தேன்,
நாளைக்கு வியாழன்.