தூரத்துக் கம்பம்

நான் கோல் அடித்தவள் அல்ல.
ஆறு வருடம் கம்பங்களுக்கு நடுவில் நின்றவள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
பிடிக்க முடியாமல் போனவைதான்.
அவற்றைத்தான் சொல்லித் தருகிறேன்,
மண்டபம் தென்கடல் மணலில்,
ஐஸ் கம்பெனிக் கணக்கை முடித்துவிட்டு,
விரல்களில் விறைப்பு விடுமுன்னே.

இரண்டு சவுக்குக் கம்பு. மேலே நைலான் கயிறு.
பின்னால் கிழிந்த இழுவலைத் துண்டு,
நிஜோ கொண்டுவந்தது.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.

கார்மேகம் அடித்தால் பந்து
நங்கூரம் போட்ட வள்ளத்தில் போய் விழும்.
நீந்திப்போய் எடுத்து வருவதற்குள் இருட்டிவிடும்.
அவனுக்கு அதுதான் பெருமை.

சொல்வேன்:
உதைக்கிற காலை விடு, ஊன்றுகிற காலைப் பார்.
அதன் பெருவிரல் பார்க்கிற பக்கம்தான் பந்து போகும்.
உடம்பு பின்னால் சாய்ந்தால் அது கடலுக்கு.
கச்சான் அடிக்கிற மாதத்தில்
இடது கம்பத்துக்கு ஒரு சாண் உள்ளே குறி வை,
மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

பிறகு குரலைத் தாழ்த்தி
என் இனத்தையே காட்டிக்கொடுப்பேன்:
எம்பிப் பிடிப்பது எங்களுக்கு எளிது,
போட்டோவிலும் நன்றாக இருக்கும்.
கீழே விழத்தான் நேரமாகும்.
கணுக்காலை ஒட்டித் தரையோடு வருகிற பந்துக்கு
எங்களிடம் பதில் கிடையாது.
ஓடி வந்து, காலை விரித்து நிற்கும்
அந்த ஒரு நொடி, கீப்பர் வெறும் சிலை.
அப்போது தள்ளு, தூரத்துக் கம்பத்துக்கு.
தூங்குகிற தம்பி எழாமல்
கதவைச் சாத்துவாயே, அந்த அளவு போதும்.

பெர்னிகாவுக்குப் பதினொரு வயது.
நேற்று நாலு அடித்தாள். நாலும் உள்ளே.
நான் கை தட்டினேன்.
"அக்கா, நீங்க விழவே இல்ல."
சித்தி ரிஃபாயா மணலில் போட்டிருந்த நாலு கோட்டையும்
காலால் அழித்தாள்.
"விட்டுக்குடுத்தா நான் எண்ண மாட்டேன்."

முட்டியில் தையல் இருப்பதை
இவர்களிடம் சொன்னதில்லை.
கழுத்து அட்டையைக் கழற்றிச் செருப்பில் வைத்தேன்.
துப்பட்டாவை இடுப்பில் முடிந்தேன்.
"வா."

ஐந்தாவதைப் பிடித்தேன்.
ஆறாவதை விரல் நுனியால் தள்ளிவிட்டேன்.
எழும்போது சந்தோஷமாக இருந்தது,
அதை மறைக்கவும் இல்லை.

ஏழாவதுக்கு அவள் வேகமாக வரவில்லை.
பாதி நடை, பாதி ஓட்டம்.
ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
அப்புறம் பந்தை மட்டும்.
முழு நீளத்துக்கு விழுந்தேன்.
காதில் மணல், வாயில் மணல்.
பந்து என் கைக்கு அடியில் நுழைந்து
வலைக் கிழிசல் வழியே
அலைக்குப் போய்விட்டது.

உடனே பஞ்சாயத்து.
"வலைல படல, வெளிய!" கார்மேகம்.
"கண்ணு தெரியலயா, உள்ள!" ரிஃபாயா.
வலை தன்னுடையது என்பதால்
நிஜோ வாயே திறக்கவில்லை.
பெர்னிகா என்னை மட்டும் பார்த்தாள்.

கம்பத்தருகே கிடந்த சாட்சி நான் ஒருத்திதான்.
எத்தனையோ நடுவர்களிடம்
மாற்றிச் சொல்லியிருக்கிற வாய் இது.
மணலைத் துப்பிவிட்டுச் சொன்னேன்:
"கோல். என் விரல்கூடப் படல."

பந்து கரைக்கு வருவதும் திரும்புவதுமாக இருந்தது.

"போய் எடுத்துட்டு வா.
இப்ப இடது கால்."